ஆங்கிலச் செய்தியில் வினைக்குப் பின்னால் என்ன வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், மொட்டைமாடிக் கொட்டகையில், சனி ஞாயிறு மாலைகளில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். மீதிப் பேருக்கு ஆங்கில நாளிதழிலோ செய்தி இணையதளத்திலோ டெஸ்க் வேலை, அதாவது நிருபர்கள் எழுதிய செய்தியைத் திருத்தும் வேலை, வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. அநேகமாக எல்லோரும் தமிழ் வழியில் படித்தவர்கள். நானும் அப்படித்தான், அப்புறம் 18 வருடம் ஆங்கில நாளிதழ்களில் சப்-எடிட்டராக இருந்தேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், வினைக்குப் பின்னால் வரும் காம்ப்ளிமென்ட் பற்றி ஒரே சந்தேகம் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வேண்டுமென்றேதான். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயம் கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

சார், காம்ப்ளிமென்ட் என்றால் பாராட்டுதானே?

அது வேறு சொல். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், காதுக்கு இரண்டும் ஒன்று. நம்முடையது ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லின் உறவு: வினையை முழுமையாக்குவது. தமிழில் நிரப்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘த கார்ப்பரேஷன் புட் பேரிகேட்ஸ் ஆன் த பிரிட்ஜ் யெஸ்டர்டே.’ இதில் ‘யெஸ்டர்டே’யை எடுத்துவிடுங்கள், வாக்கியம் நிற்கும். ‘ஆன் த பிரிட்ஜ்’ போனால் நொண்டும். ‘பேரிகேட்ஸ்’ போனால் விழுந்தே விடும். ‘புட்’ என்ற வினைக்கு எதை என்பதும் எங்கே என்பதும் வேண்டும். அவை இரண்டும் நிரப்பிகள். நேற்று என்பது கூடுதல் தகவல்.

பந்தியில் இலை போடுவதுபோல என்று வகுப்பில் சொல்வேன். ‘ஸ்லீப்’ என்ற வினை இலையே போடாது. ‘அரெஸ்ட்’ ஓர் இலை போடும். ‘கிவ்’, ‘புட்’ இரண்டு போடும். போட்ட இலையில் ஆள் உட்காரவில்லை என்றால் பார்க்கிறவருக்கு உடனே தெரியும். போடாத இலையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டாலும் தெரியும். நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் காம்ப்ளிமென்ட் வேறு மாதிரி இருக்கிறதே?

இருக்கிறது. பள்ளி இலக்கணம் அந்தச் சொல்லைச் சுருக்கிப் பயன்படுத்துகிறது. எழுவாய் யார், எப்படிப்பட்டது என்று சொல்லும் பகுதி, அல்லது செயப்படுபொருள் என்ன ஆனது என்று சொல்லும் பகுதி, இவை மட்டும்தான் அங்கே காம்ப்ளிமென்ட். பின்னால் வந்த மொழியியலாளர்களில் பலர் வினை கேட்டு வாங்கும் எல்லாவற்றையும், செயப்படுபொருளையும் சேர்த்தே, அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் முதல் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்தி எழுதப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் உதவும். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது இரண்டாவது.

ஒரே செய்தியை வைத்து எல்லா வகையையும் காட்ட முடியுமா?

முடியும். சென்னையில் அதற்கு மழையைவிட நல்ல செய்தி கிடையாது. வகுப்புக்காக நான் எழுதிய பயிற்சி இது.

‘செம்பரம்பாக்கம் லேக் இஸ் நியர்லி ஃபுல்.’ இதில் ‘ஃபுல்’ ஏரியைப் பற்றிச் சொல்கிறது, எழுவாயின் நிரப்பி. ‘அஃபிஷியல்ஸ் ஓபன்ட் டூ ஷட்டர்ஸ்.’ ஷட்டர்ஸ் நேரடிச் செயப்படுபொருள். ‘தே கேவ் ரெசிடென்ட்ஸ் அ வார்னிங்.’ யாருக்கு, எதை என்று இரண்டு. ‘தி எக்ஸஸ் வாட்டர் ரன்ஸ் இன்டு தி அடையார்.’ இங்கே செயப்படுபொருளே இல்லை, ஆனால் எங்கே என்பது இல்லாமல் வாக்கியம் முடியாது. ‘அஃபிஷியல்ஸ் செட் தட் த பண்ட் வாஸ் சேஃப்.’ பண்ட் என்றால் ஏரிக்கரை. ‘தட்’டில் தொடங்கும் முழு வாக்கியமே செயப்படுபொருளாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக எல்லோருக்கும் பிடித்த வரி: ‘த கலெக்டர் டிக்ளேர்ட் ஃப்ரைடே அ ஹாலிடே.’ வெள்ளிக்கிழமை செயப்படுபொருள். ‘ஹாலிடே’ அந்த வெள்ளிக்கிழமை என்னவாக ஆனது என்று சொல்லும் நிரப்பி.

ராண்டால்ஃப் குவர்க் தலைமையில் நான்கு அறிஞர்கள் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், அடிப்படை வாக்கிய அமைப்புகளை ஏழு என்று எண்ணுகிறது. மேலே உள்ள ஆறு வரிகளில் அதில் ஐந்து வந்துவிட்டன. ஷட்டரும் பண்டும் ஒரே வகையில் அடங்கும். எதுவும் கேட்காத ‘த ரெயின் ஸ்டாப்ட்’ ஆறாவது. பேரிகேட்ஸ் வாக்கியம் ஏழாவது.

ஏரி பேச்சில் இருக்கும்போதே இன்னொன்று. ‘த லெவல் ரோஸ் டு 22 ஃபீட்’ என்றால் மட்டம் 22 அடியைத் தொட்டது. ‘ரோஸ் பை 22 ஃபீட்’ என்றால் 22 அடி கூடிவிட்டது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரமே 24 அடி. ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பை’ போட்டீர்களென்றால் குன்றத்தூர்க்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

செயப்படுபொருளையும் பள்ளி இலக்கணம் சொல்லும் காம்ப்ளிமென்டையும் குழப்பிக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்க வழி உண்டா?

செயப்பாட்டு வினைக்கு மாற்றிப் பாருங்கள். ‘ஓபன்ட் டூ ஷட்டர்ஸ்’ என்பதை ‘டூ ஷட்டர்ஸ் வேர் ஓபன்ட்’ என்று திருப்பலாம். ‘மெட்ராஸ் பிகேம் சென்னை இன் 1996’ என்பதைத் திருப்ப முடியாது. சென்னை அங்கே செயப்படுபொருள் இல்லை, மெட்ராஸுக்கு இன்னொரு பெயர்.

‘செட்’, ‘டோல்ட்’: எப்போது எது?

‘டோல்ட்’ ஆள் கேட்கும். ‘செட்’ ஆள் கேட்காது. ‘த கமிஷனர் டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ் தட்...’ சரி. ‘த கமிஷனர் டோல்ட் தட்...’ தவறு, இலை காலியாகக் கிடக்கிறது. ‘செட் ரிப்போர்ட்டர்ஸ் தட்’ அதைவிட மோசம். ஆளைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் ‘செட் டு’ போடலாம், ஆனால் செய்தியில் அது கொஞ்சம் கனமாக இருக்கும்.

தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘சொன்னார்’ என்ற தமிழ் வினை ஆளைப் பற்றிக் கவலையே படாது. ‘நிருபர்களிடம் சொன்னார்’, ‘சொன்னார்’ இரண்டும் சரி. தமிழ் உருபை ஒட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் வைக்கும், வேண்டாமென்றால் விட்டுவிடும். ஆங்கிலத்தில் உருபின் வேலையை இடம் செய்கிறது. காலி இடம் அங்கே கண்ணில் குத்தும்.

‘இன்ஃபார்ம்’, ‘அஷ்யூர்’, ‘ரிமைண்ட்’ மூன்றும் ‘டோல்ட்’ கட்சி. ‘தி அஃபிஷியல் இன்ஃபார்ம்ட் தட்’ என்று வாரத்துக்கு ஒன்றாவது டெஸ்க்குக்கு வந்துவிடும்.

‘தட்’ போட வேண்டுமா, விடலாமா?

‘செட்’டுக்குப் பின்னால் பெரும்பாலும் விடலாம், நாளிதழ்கள் இடத்துக்காக விடவும் செய்கின்றன. விடக்கூடாத இடங்கள் உண்டு. ‘த மினிஸ்டர் செட் ஆன் மண்டே த பிரிட்ஜ் வுட் ஓபன்.’ அமைச்சர் திங்கட்கிழமை சொன்னாரா, பாலம் திங்கட்கிழமை திறக்கிறதா? நாளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு ‘தட்’ போட்டால் தகராறு தீர்ந்தது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் கையேடும், வினைக்கும் துணை வாக்கியத்துக்கும் நடுவில் காலம் குறுக்கிட்டால் ‘தட்’ வேண்டும் என்றே சொல்கிறது. ‘பாயிண்ட் அவுட்’, ‘அசர்ட்’, ‘டிக்ளேர்’ மாதிரி வினைகளுக்கும் பெரும்பாலும் வேண்டும் என்கிறது.

நம் ‘என்று’ செய்வதும் இதே வேலைதான், ஆனால் அது கடைசியில் வந்து பேச்சைக் கட்டி முடிக்கும். ‘தட்’ முன்னாலேயே வந்து பேச்சு தொடங்கப் போகிறது என்று சொல்லிவிடும். முன்னால் வருவதால்தான் அதை விட்டால் வாசகர் தடுமாறுகிறார்.

‘த பண்ட் இஸ் சேஃப், அஃபிஷியல்ஸ் செட்’ என்று தலைகீழாக எழுதுகிறார்களே, இது இலக்கணம்தானா?

இலக்கணம்தான். செய்தி நடையின் தனி அடையாளங்களில் ஒன்று. நிரப்பி முன்னால் வந்துவிட்டது, சொன்னவர் பின்னால் போய்விட்டார். வாசகருக்கு முதலில் வேண்டியது கரை உடையுமா என்பது. அதைச் சொன்னது எந்த அதிகாரி என்பது அடுத்த கவலை.

தமிழ்க்காரர்களுக்கு இதில் சிரமமே கிடையாது, ஏனென்றால் நம் வரிசையே இதுதான்: ‘கரை பாதுகாப்பாக இருப்பதாக அதிகாரிகள் தெரிவித்தனர்.’ ஆங்கிலம் அபூர்வமாக நம் வழிக்கு வந்து நிற்கும் இடம். ஜி. சுப்பிரமணிய ஐயரை நினைத்துக்கொள்வேன். 1878இல் ‘த ஹிந்து’வைத் தொடங்கிய ஆறு பேரில் ஒருவர், 1882இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கினார். ஒரே தலைக்குள் இரண்டு வாக்கிய வரிசையும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். 1904இல் அந்தச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்கும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதுதான் தினப்படி வேலை. நம் டெஸ்க் வேலைக்கு முன்னோர் இல்லாமல் இல்லை.

கவனிக்க ஒன்று உண்டு. ‘செட் த மினிஸ்டர்’ என்று திருப்பலாம், ‘செட் ஹி’ என்று திருப்பினால் பாட்டி காலத்து ஆங்கிலமாகிவிடும்.

‘டினை’ பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

நான் பட்டதால்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், இரவு ஷிஃப்ட். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பணம் காணாமல் போன செய்தி. நிருபர் எழுதியது: ‘த கேஷியர் செட் ஹி டிட் நாட் டேக் த மணி.’ அந்தப் பத்தியில் ஏற்கெனவே நாலு ‘செட்’ இருந்தது. அழகுபடுத்துகிறேன் என்று ஐந்தாவதை மாற்றினேன்: ‘த கேஷியர் டினைட் தட் ஹி டிட் நாட் டேக் த மணி.’ என் தமிழ் மூளைக்கு அது கச்சிதமாகப் பட்டது. ‘எடுக்கவில்லை என்று மறுத்தார்’ என்று நாம் சொல்வதில்லையா? தமிழில் அது சரி, யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் ‘டினை’ தன் வயிற்றுக்குள்ளேயே ‘இல்லை’யை வைத்திருக்கிறது. பின்னால் வரும் வாக்கியத்தில் இன்னொரு ‘நாட்’ போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். நான் அச்சிட்டது என்னவென்றால், பணத்தை எடுக்கவில்லை என்பதைக் கேஷியர் மறுத்தார். அதாவது எடுத்ததாக ஒப்புக்கொண்டார்! காலையில் வக்கீல் போன் வந்தது. மறுநாள் மூன்று வரித் திருத்தம் போட்டோம். நியூஸ் எடிட்டர் திட்டவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

‘டினைட் டேக்கிங் த மணி’ என்று எழுதியிருந்தால் முடிந்தது கதை.

அப்படியானால் ‘மறுத்தார்’ என்பதற்கு என்னதான் எழுதுவது?

இந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் குறைந்தது நாலு வினை இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு நிரப்பி கேட்கும்.

குற்றச்சாட்டை இல்லை என்றால் ‘டினை’. பின்னால் பெயர்ச்சொல் வரலாம், ‘தட்’ வரலாம், ‘இங்’ வரலாம். ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றால் ‘ரெஃப்யூஸ்’, பின்னால் ‘டு’: ‘ரெஃப்யூஸ்ட் டு ஓபன் த கேட்.’ கருத்துச் சொல்ல மறுத்தார் என்பதற்குக் கொஞ்சம் மரியாதையாக ‘டிக்ளைன்ட் டு கமென்ட்.’ ‘டினைட் டு கமென்ட்’ என்று ஒருநாளும் எழுதாதீர்கள். கொடுத்ததை, கேட்டதை ஏற்கவில்லை என்றால் ‘ரிஜெக்ட்’. அதற்குப் பெயர்ச்சொல் மட்டும்தான் ஆகும்: ‘ரிஜெக்டட் த டிமாண்ட்.’ ‘ரெஃப்யூட்’ என்பது ஆதாரம் காட்டித் தவறென்று நிறுவுவது. சும்மா மறுத்தவருக்கு அதைப் போட்டால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களே தீர்ப்பு எழுதின மாதிரி.

இதே ‘டினை’ இன்னொரு வேஷமும் போடும். ‘த கோர்ட் டினைட் ஹிம் பெயில்.’ இங்கே ஆளும் பொருளும் என்று இரண்டு இலை. அர்த்தம்: கொடுக்கவில்லை. வினை அதேதான், பின்னால் உட்கார்ந்தவர்கள் மாறியதும் பொருளே மாறிவிட்டது. இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

‘சந்தேகிக்கிறார்கள்’ என்பதற்கு ‘டவுட்’ போட்டால் என்ன?

நேர்மாறாகப் போய்விடும். ‘போலீஸ் டவுட் தட் ஹி டிட் இட்’ என்றால் அவன் செய்திருக்க மாட்டான் என்று போலீஸ் நினைக்கிறது. ‘போலீஸ் சஸ்பெக்ட் தட் ஹி டிட் இட்’ என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று. நம் ‘சந்தேகம்’ இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் சொற்கள் நமக்கு வழிகாட்டும். ஆங்கிலத்தில் வினையே தீர்மானித்துவிடும்.

‘க்ளெய்ம்’, ‘அட்மிட்’, ‘அலெஜ்’ எல்லாம் ‘செட்’டுக்குப் பதில்தானே?

மூன்றுமே பின்னால் ‘தட்’ வாக்கியத்தை எடுக்கும் என்பதால் அப்படித் தோன்றும். அமைப்பு ஒன்று, எடை வேறு. ‘அட்மிட்’ போட்டால் பின்னால் வருவது உண்மை என்று பத்திரிகையும் ஒத்துக்கொள்கிறது. ‘க்ளெய்ம்’ போட்டால் எங்களுக்கு முழு நம்பிக்கை இல்லை என்று முகத்தைச் சுளிக்கிறது. ‘அலெஜ்’ குற்றச்சாட்டுக்கு மட்டும். சலிப்புத் தட்டாமல் இருக்க இவற்றை மாற்றி மாற்றிப் போடுவது, சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போடுவது மாதிரி. ‘செட்’ நாலு தடவை வந்தால் வரட்டும். வாசகர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

போலீஸ் செய்தியில் முன்னிடைச் சொல்லும் நிரப்பியின் பாகம்தான். ‘அக்யூஸ்’ என்றால் ‘ஆஃப்’, ‘சார்ஜ்’ என்றால் ‘வித்’, ‘பிளேம்’ என்றால் ‘ஃபார்’. எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே ‘சார்ஜ்ட் வித்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் குற்றச்சாட்டு வனைவது நீதிமன்றம், அது எவ்வளவோ பின்னால். ‘அரெஸ்டட் ஃபார் கில்லிங்’ என்பதையும் கவனமான டெஸ்க்குகள் தவிர்க்கும். கொன்றதற்காகப் பிடித்தார்கள் என்றால் கொன்றது உறுதி என்று ஆகிவிடுகிறதே. ‘அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப்’ என்பது பாதுகாப்பு என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். ஆனால் ‘சார்ஜ்’ பற்றி இப்போதுதான் சொன்னேன், அதனால் நம் ஊருக்கு ‘அரெஸ்டட் ஆன் சஸ்பிஷன் ஆஃப்’ பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

‘இட் இஸ் லேர்ன்ட் தட்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் நம் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை. ‘இட்’ வெறும் பொம்மை எழுவாய், உண்மையான எழுவாய் பின்னால் வரும் முழு வாக்கியம். தெரிந்துகொண்டது யார், யாரிடமிருந்து என்ற இரண்டு கேள்வியையும் நைசாக ஒளித்துவிடுகிறது. ‘கூறப்படுகிறது’ என்று முடிக்கும் தமிழ் நிருபருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘கால்ட் அஸ்’ தவறா? எல்லோரும் எழுதுகிறார்களே.

எழுதுகிறார்கள். ‘என்று அழைக்கப்படும்’ என்பதிலுள்ள ‘என்று’வுக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆளைத் தேடி ‘அஸ்’ஸைப் பிடித்துக்கொண்டு வருகிறோம். ‘கால்’ நேராகவே நிரப்பியை எடுக்கும்: ‘பீப்பிள் ஸ்டில் கால் அண்ணா சாலை மவுண்ட் ரோட்.’ நடுவில் ஒன்றும் வேண்டாம். ‘நேம்’, ‘எலெக்ட்’, ‘டிக்ளேர்’ இதே குடும்பம்.

‘டிஸ்கிரைப்’, ‘ரிகார்ட்’ இரண்டுக்கும் ‘அஸ்’ கட்டாயம். ‘கன்சிடர்’, ‘அப்பாயின்ட்’ இரண்டும் பெரும்பாலும் ‘அஸ்’ இல்லாமல், சில சமயம் அதோடும் வரும். ‘டெர்ம்ட் த மூவ் அஸ் அன்ஃபார்ச்சுனேட்’ என்பது இந்தியப் பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது. பழைய நடைப்படி அங்கே ‘அஸ்’ கூடாது. நான் இன்னும் அடிக்கிறேன். என்னைவிட இளைய சப்-எடிட்டர்கள் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடத்தில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

‘டிஸ்கஸ் அபவுட்’?

வேண்டாம். ‘பற்றி’ நம்முடையது. இதே கூட்டத்தில் ‘டிமாண்டட் ஃபார்’, ‘ரிக்வெஸ்டட் ஃபார்’, ‘ஸ்ட்ரெஸ்ட் ஆன்’. இவை பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னிடைச் சொல் வரும்: ‘அ டிமாண்ட் ஃபார் வாட்டர்’. வினையானதும் உதிர்ந்துவிடும்: ‘தே டிமாண்டட் வாட்டர்.’

தலைப்புகளில் பாதிச் சொற்கள் காணோம். நிரப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விட்டதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ‘மெட்ரோ டு ரன் லேட் ஆன் சண்டே’ என்பதில் ‘இஸ்’ விழுந்துவிட்டது. தலைப்பில் ‘டு’ வந்தால் இனிமேல் நடக்கப் போவது. ‘த்ரீ ஹெல்ட்’ என்பதில் ‘ஆர்’ விழுந்திருக்கிறது. மூன்று பேர் யாரையும் பிடிக்கவில்லை, அவர்களைத்தான் பிடித்தார்கள். ‘ஹெவி ரெயின் லைக்லி இன் சென்னை’ என்பதில் ‘லைக்லி’தான் நிரப்பி, அதைத் தாங்க வேண்டிய வினை மறைந்திருக்கிறது. சில சமயம் சொல்லும் வினையே போய், அதன் வேலையை ஒரு முக்காற்புள்ளி செய்யும்: ‘மோர் ரெயின் டில் ஃப்ரைடே: மெட் ஆஃபீஸ்.’ நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை மையம்தான் இந்த மெட் ஆஃபீஸ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த முக்காற்புள்ளிக்கு ஓய்வே கிடையாது.

சுருக்கும்போது சறுக்கல்களும் வரும். ‘போலீஸ் ஃபைண்ட் பாய் ஹோம்.’ பையனை வீட்டில் கண்டுபிடித்தார்களா? பையனுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்களா? முதல் பொருளில் ‘ஹோம்’ இடத்தைச் சொல்கிறது. இரண்டாவதில் பையன் ‘யாருக்கு’, வீடு ‘எதை’. ஓர் ‘அட்’டோ ஓர் ‘அ’வோ இருந்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது, தலைப்பில் அவைதான் முதல் பலி. வகுப்பில் இதை எழுதிப்போட்டால் பத்து நிமிடம் சண்டை நடக்கும், டீ ஆறிவிடும்.

‘இன்சிஸ்டட் தட் ஹி பி’ என்று படித்தேன். ‘பி’ அச்சுப்பிழையா?

இல்லை. ‘த ஜட்ஜ் இன்சிஸ்டட் தட் தி ஆபீசர் வாஸ் ப்ரெசென்ட்’ என்றால் அதிகாரி வந்திருந்தார் என்று நீதிபதி அடித்துச் சொல்கிறார், நடந்துபோன செய்தி. ‘பி ப்ரெசென்ட்’ என்றால் வந்தே ஆக வேண்டும் என்கிறார், உத்தரவு. ‘ரெக்கமெண்ட்’, ‘டிமாண்ட்’, ‘சஜஸ்ட்’ ஆகியவற்றுக்குப் பின்னும் இந்த வெறும் வினை வரும். பயமாக இருந்தால் ‘ஷுட்’ சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பத்திரிகைகளுக்கு அது பழக்கம்தான். ‘ரெக்கமெண்டட் த கவர்ன்மென்ட் டு’ மட்டும் வேண்டாம்.

நம் இலக்கணத்தில் இப்படி ஒன்றும் இல்லையா?

இல்லாமல் என்ன? தொல்காப்பியம் ஒரு தொழிலுக்கு வேண்டியவை எட்டு என்று எண்ணிவைத்திருக்கிறது: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. ஆங்கிலச் செய்தியின் முதல் பத்தியில் என்னென்ன வேண்டும் என்று டெஸ்க்கில் கேட்கும் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். எட்டில் எது இல்லாமல் இந்த வினை நிற்காது என்று ஒவ்வோர் ஆங்கில வினைக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வதுதான் நம் பாடு.

எப்படிப் பழகுவது?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிற மாணவர் ஒருவர் கண்டுபிடித்த முறை எனக்குப் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி. முழுவதும் படிக்க மாட்டார். பென்சிலால் வினைகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை இலை, யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கோடு போடுவார். சேப்பாக்கத்தில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். புதிதாக ஒரு வினை கிடைத்தால் நோட்டில் ஏறும், தனியாக அல்ல, அதன் பின்னால் வந்தவற்றோடு சேர்த்து: வெறும் ‘வார்ன்’ என்று எழுத மாட்டார், ‘வார்ன் - ஆள் - அகெய்ன்ஸ்ட் - இங்’ என்று எழுதுவார்.

என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, அட்டை கிழிந்து பசைநாடா ஒட்டினது. முதல் பக்கத்தில் முதல் வரி: ‘டினை. பின்னால் நாட் கூடாது.’ பக்கத்திலேயே சிவப்பு வட்டம் போட்ட அந்தச் செய்தித் துண்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.